எதிர்ப்பக்கத்துக்காரர்களும் கை தட்டிய கோல்

1

இந்த ஊரில் இறந்தவருக்குக் கை தட்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மருமகள் நிர்மலாவோடு காய் வாங்கப் போனேன். வழியில் இந்த ஊர்க் கால்பந்து மைதானம். இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற சின்ன ஊர் இது, மைதானமும் சின்னதுதான். கம்பி வேலி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகக் கழுத்துத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே பூங்கொத்துகள். நடுவில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வாலிபனின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்தில் இந்த ஊர் டீமுக்கு ஆடி, எல்லாரும் கொண்டாடின ஆளாம். கிழவராகி, போன வாரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

ஒருவர் விசில் ஊதினார். நானும் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அமைதியாக இருப்பார்கள் என்று பார்த்தால், அத்தனை பேரும் படபடவென்று கை தட்டினார்கள்.

"ஏன்டி நிர்மலா, செத்தவருக்கா கை தட்டுறாங்க?"

"ஆமா அத்தை. இங்க அதுதான் மரியாதை. நம்ம ஊர்ல வெடி போட்டு ஆட்டத்தோட தூக்கிட்டுப் போறோமே, அது என்னவாம்?"

அதுவும் சரிதான் என்று நானும் தட்டினேன். எல்லாருக்கும் முன்னால் நீல மேல்கோட்டு போட்ட கிழவி ஒருத்தி மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு படத்தையே பார்த்தபடி நின்றாள். அவருடைய மனைவியாம். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்க ஆசை. "நீயாவது அவர் ஆடினதைப் பார்த்தியாம்மா?" கேட்கப் பாஷை இல்லை. பாஷை இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வாயைத் திறக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் குறைவு.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் ஊரிலிருந்து போன். எங்கள் வாலிபர் சங்கத்துச் செயலாளர் ஜெரோம். என் ஒன்றுவிட்ட கொழுந்தன் மகன்.

"பெரியம்மா, நல்லா இருக்கீங்களா? அங்க குளுரா?"

"குளுருதாம்ப்பா."

"அடுத்த மாசம் பெரியப்பா நினைவு நாள் வருதுல்ல? மாதா கோயில் பொட்டல்ல டோர்னமெண்டு வைக்கிறோம். பெரியப்பா பேர்ல சுழல்கோப்பை. நீங்க போன்லயே மைக்ல பேசணும். பெரியப்பா எப்படி ஆடுவாரு, அந்தக் கோலை எப்படிப் போட்டாருன்னு நாலு வார்த்தை. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுவுமே தெரியல பெரியம்மா."

"சரிப்பா" என்றுவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது. ஊர் முன்னால் பேசுகிற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அவர் ஆடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கோலோ, ஊர் நினைத்துக்கொண்டிருக்கிற கோல் அல்ல.

2

என் வீட்டுக்காரர் பெயர் அருளப்பன். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கம் விசாரித்தால் மடை அருளப்பன் என்றுதான் சொல்வார்கள். வயலில் மடை பிடுங்கிக்கொண்டால் ஒரு கூடை மண்ணையும் தன் காலையும் வைத்து அடைத்துக்கொண்டு ஒருவன் நிற்பான், பார்த்திருப்பீர்கள். பந்து வந்தால் அவர் அப்படி நிற்பாராம். அதனால் அந்தப் பெயர்.

"ஊரே உங்கள மடைங்குது. நான் அதோட ரெண்டு எழுத்துதான் சேத்துச் சொல்றேன்" என்பேன் கோபம் வந்தால்.

"அந்த ரெண்டு எழுத்தையும் நீயே வச்சுக்க" என்பார்.

அவர் ஆடின இடம் பேக்கு. கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற ஆளுக்கு அதுதான் பெயர். பெண் பார்க்க வந்தபோது அவருடைய தாய்மாமன் என் அப்பாவிடம் பெருமையாக, "மாப்பிள்ளை சுத்துப்பட்டுல நம்பர் ஒன் பேக்கு" என்றார். என் அப்பாவுக்குப் பந்தும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேக்கா இருந்தா என்னங்க, குடிக்காம இருந்தா சரி" என்று பாக்கை எடுத்தார். அப்படி நிச்சயமான கல்யாணம் இது.

ஆட்டம் பார்க்கப் பெண்கள் போகிற வழக்கம் அப்போது கிடையாது. ஒரே ஒரு தடவை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தேன். வரிசையாக ஆண்களின் முதுகுதான் தெரிந்தது.

ஆனால் அவர் துணியைத் துவைத்தவள் நான். மண்ணைப் பார்த்தால் எங்கே ஆடினார்கள் என்று தெரியும். செம்மண் என்றால் எங்கள் பக்கம். சோப்புக்கு அசையாது. களிமண் என்றால் திருவிடைமருதூர்ப் பக்கம். காயவைத்து உதறினால் பாதி உதிர்ந்துவிடும். கால்சட்டையின் பின்பக்கம் மண் அப்பியிருந்தால் விழுந்து புரண்டு பந்தைத் தடுத்திருக்கிறார், அன்றைக்குச் சோறு இரண்டு தட்டு. துணி சுத்தமாக வந்தால் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, அன்றைக்கு நான் வாயே திறக்கக்கூடாது.

எவ்வளவு பெரிய ஆட்டம் ஜெயித்தாலும் அவர் நடந்துதான் வீட்டுக்கு வருவார். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் கத்திக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டம் போய் வெகுநேரம் கழித்து வாய்க்காலில் கால் கழுவுகிற சத்தம் கேட்கும். "கோல் போட்டவனத் தூக்கிக்கிட்டு ஓடுறானுங்க. கோல் விடாம நின்னவன் நடந்து வரான். பாத்தியா நியாயத்த?" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அவர் போன பிறகு மகன் சேவியர் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். இங்கே வந்து விசா ஆபீசில் கைரேகை எடுத்தார்கள். நாற்று நட்டுத் தேய்ந்த விரல். கண்ணாடியில் எத்தனை தடவை வைத்தாலும் மெஷின் என்னை ஒரு ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், அந்த அம்மாள் பொறுமையாகத் துடைத்துத் துடைத்து வைத்தாள். நடுவில் பேச்சுக் கொடுக்க, வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்டாள். சேவியர் அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பதில் சொல்வதற்குள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதானே என்று நானே முந்திக்கொண்டு, "பேக்" என்றேன்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்து ஏதோ சொன்னாள். சேவியர் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடா சொல்லுது?"

"அப்பா திரும்பி வந்துட்டாரான்னு கேக்குறாங்கம்மா. பேக்குன்னா அவங்க பாஷையில திரும்பி வர்றது."

"இல்லன்னு சொல்லுடா" என்றேன்.

3

இனி அந்தக் கோல்.

ஊரில் சொல்கிற கதை இது. குத்தாலத்து டீமோடு அவர்கள் ஊரிலேயே கடைசி ஆட்டம். நல்ல மழை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் மடை அருளப்பன் ஓங்கி ஒரு உதை உதைத்தார். பந்து குண்டு மாதிரி போய் வலையைக் கிழித்துக்கொண்டு அந்தப்பக்கம் விழுந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்து எதிர்ப்பக்கத்துக்காரர்களே கை தட்டி, அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

இதில் கடைசி வரி மட்டும் சத்தியம். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் கை தட்டினார்கள், தூக்கி வைத்துக்கொண்டும் ஆடினார்கள். ஏன் ஆடமாட்டார்கள்? அது சேம்சைடு கோல். தன் பக்கத்துக் கோலுக்குள் தானே அடித்தது. வலை கிழிந்ததாமே, அந்தக் காலத்தில் வலை ஏது? இரண்டு மூங்கிலும் குறுக்கே ஒரு கயிறும்தான்.

அப்படியானால் ஜெயித்த கோப்பை எங்கே என்று யாராவது கேட்டால் ஊரில் அதற்கும் பதில் இருக்கிறது. "ரெப்ரி குத்தாலத்து மாப்பிள்ளையாச்சே! கோலைக் கோலு இல்லன்னுட்டான்!" அந்த ரெப்ரி பட்டுக்கோட்டைக்காரர். அப்போது கல்யாணமே ஆகாதவர்.

நடந்தது என்ன என்றால், இரண்டு பேர் துரத்திக்கொண்டு வரவும் இவர் பந்தைப் பின்னால் கோல் காத்து நின்ற கோலிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. கோலி அங்கே இருப்பார் என்று நம்பிக்கை. கோலியாக நின்றவர் இவருடைய உயிர்ச் சிநேகிதர் சின்னப்பன். அவரோ அந்த நேரம் பார்த்து மூங்கிலுக்கு வெளியே, யாரோ ரசிகர் நீட்டின பன்னீர் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உருண்டு உள்ளே போனது. (சோடா விஷயத்தைச் சின்னப்பண்ணனே பிறகு ஊரறியச் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.)

அன்று என் வீட்டுக்காரர் வந்தபோது சட்டையைப் பார்த்தேன். இரண்டு விலாவிலும் கை கையாகச் சேறு. யாரோ தூக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் தூக்கிக் கொண்டாடப்பட்டவர் முகமாக இல்லை.

"என்னங்க, தூக்குனாங்களா?"

"தூக்குனாங்க லூர்து. ஆனா வேற ஊர்க்காரனுங்க."

பிறகுதான் எல்லாம் சொன்னார். சோடாவை வெளியில் சொல்லாதே என்றும் சொன்னார்.

தன் தப்பை மட்டும் அவர் மறைத்ததே இல்லை. யார் அந்தக் கோலைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "அது சேம்சைடுங்க" என்று முதல் ஆளாகச் சொல்வார். கேட்டவர் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "பாத்தீங்களா, மனுசனுக்கு என்ன ஒரு தன்னடக்கம்!" என்பார். சொல்லச் சொல்லத் தன்னடக்கம் வளர்ந்ததே தவிர உண்மை வளரவில்லை. கடைசியில் ஒரு நாள், "செத்தாலும் இவனுங்க நம்ப மாட்டானுங்க" என்றார். அப்படியே ஆயிற்று.

இதில் இன்னொரு கூத்து. என் மருமகள் நிர்மலாவுக்குப் பிறந்த ஊர் குத்தாலம். அவளுடைய தாத்தா அன்றைக்கு மைதானத்தில் இருந்திருக்கிறார். இங்கே பாத்திரம் கழுவும்போது அவள் என்னைச் சீண்டுவது இதை வைத்துத்தான்.

"எங்க ஊர்ல கதை வேற மாதிரி அத்தை. ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரன் ஒருத்தன் அவனே கோல் போட்டு, கப்பையும் குடுத்து அனுப்புனான்னு சொல்வாங்க."

"உங்க ஊருக்கு எங்க வீட்டுச் சீரு அது. பொண்ணு எடுக்கப் போறோம்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு."

"அப்ப நான்தான் மீதிச் சீரோட வந்தவளா?"

"நீ வந்ததே பெரிய கோலுதான். எந்தப் பக்கம்னுதான் இன்னும் தெரியல."

அவள் நுரைக்கையோடு சிரிப்பாள். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு தடங்கலில்லாமல் வரும்.

4

நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஜெரோம் மறுபடி போன் செய்தான்.

"பெரியம்மா, கப்பு வந்துருச்சு. எம்மாம் உசரம் தெரியுமா! டோர்னமெண்டுல யாரு அதிக கோல் போடுறாங்களோ, அவங்களுக்குப் பெரியப்பா பேர்ல அந்தக் கப்பு."

எனக்குத் திக்கென்றது. கோல் போடுகிறவனுக்கா? வாழ்நாளெல்லாம் கோல் போடுகிறவனை மறித்து நின்ற மனுஷன் பெயரில், கோல் போடுகிறவனுக்குக் கோப்பையா? வாய்க்காலில் கால் கழுவுகிற சத்தம் காதில் கேட்டது. அவர் நடந்து வீட்டுக்கு வந்தது பற்றாதா, அவர் பெயரும் இன்னொருத்தன் தோளுக்குப் பின்னால் நடக்கவேண்டுமா?

'பேக்குக்குக் குடுப்பா' என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"சரிப்பா" என்றுதான் வந்தது.

மதியம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சேவியரிடம் சொன்னால், "எதுக்குக் குடுத்தா என்னம்மா, அப்பா பேருதானே இருக்கு" என்றான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பந்து என்றால் பயம். அப்பா உருட்டிவிட்டால்கூடக் கண்ணை மூடிக்கொள்வான். இன்றைக்கும் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்படித்தான் மூடிக்கொள்கிறான். இந்த ஊரிலேயே வளர்ந்து பதினெட்டு வயதான அவன் மகனோ, "ஹாய் பாட்டி" என்றால் அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல் இல்லை. யாரைக் குறை சொல்ல?

யோசித்து யோசித்துச் சின்னப்பண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த ஆட்டத்தில் ஆடினவர்களில் இப்போது இருப்பவர் அவர் ஒருத்தர்தான். கதையை வருஷா வருஷம் புதுப்பிக்கிறவரும் அவர்தான்.

"அண்ணே, நான் லூர்து."

"தங்கச்சி! வெள்ளைக்கார ஊரு எப்படி இருக்கு? நீ மைக்ல பேசப்போறியாமே. ஊரே எதிர்பாக்குது."

"அதுக்குத்தாண்ணே பயமா இருக்கு. கோலப் பத்திக் கேக்குறாங்க. நீங்கதானே கோல்ல நின்னீங்க. எந்தப் பக்கத்துக் கோலுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கத்துக் கோலும் ஒரே அளவுதானேம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் பொய் சொல்லல தங்கச்சி. பஸ்ஸ விட்டு எறங்குனதும் என்னாச்சு என்னாச்சுன்னு மொய்ச்சாங்க. அருளப்பன் ஒரு கோல் போட்டான் பாருன்னேன். எந்தப் பக்கம்னு ஒருத்தனும் கேக்கல. அப்புறம் அதுவா வளந்துச்சு. வலையெல்லாம் நான் கட்டல."

"அந்த வலைய அவிழ்க்க வேணாம்ணே. சோடாவப் பத்தியும் நான் வாயத் திறக்கல. ஆனா கப்ப மட்டும் பேக்குக்குக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஜெரோம் கேப்பான்."

"மிரட்டுறியா?"

"கேக்குறேண்ணே."

"வாயில ஈ மொய்ச்சாலும் ஓட்டாம இருந்தவ, கடல் தாண்டிப் போயி வக்கீல் ஆயிட்டியே! பாக்கலாம், பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சின்னப்பண்ணன் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதை நம்பித்தானே பந்தைத் திரும்பிப் பாராமல் தள்ளினார்.

5

நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் சாயங்காலம் என்றால் இங்கே காலை. அதே காலையில் நிர்மலாவுக்கும் ஆட்டம் இருந்தது.

ஆமாம், அவளும் ஆடுகிறாள். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிற நர்சுப் பெண்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். ஆள் குறைகிறது என்று போன வருஷம் இவளையும் இழுத்துக்கொண்டார்கள். ஓட வராது, ஆனால் நகரமாட்டாள். அதனால் பின்னால் நிறுத்திவிட்டார்கள். "அத்தை, என்னையும் பேக்கு ஆக்கிட்டாங்க" என்று வந்து சொன்னாள். அதுவரை குளிருக்குப் பயந்து நான் ஆட்டம் பார்க்கப் போனதில்லை. அன்றைக்குத் தனியாகப் போனில் பேசப் பயந்து அவளோடே போய்விட்டேன். மடக்கு நாற்காலி, இரண்டு கம்பளி, ஒரு பிளாஸ்க் தேநீர். என் முன்னால் முதன்முதலாக யாருடைய முதுகும் இல்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"பெரியம்மா, லைன்ல இருங்க. மைக்ல குடுத்திருக்கேன். ஊரே உக்காந்திருக்கு. பெரியப்பா எப்படி ஆடுவாருன்னு சொல்லுங்க!"

"அம்... ஜெரோமு..." என்றேன். என் குரலே மாதா கோயில் பொட்டலில் முட்டிக்கொண்டு எனக்குத் திரும்பி வந்தது. பார்க்காத ஆட்டத்தை எப்படிச் சொல்வது?

கண்ணுக்கு முன்னால் நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த பேக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான்.

"எல்லாரும் முன்னாடி ஓடிட்டாங்க" என்றேன். "பந்து அங்க இருக்கு. சனமெல்லாம் அங்கதான் பாக்குது. இங்க ஒரே ஒரு ஆளு நிக்குது. கைய கக்கத்துல வச்சுக்கிட்டு, குளுருல நிக்குது."

"குளுரா பெரியம்மா?"

"மார்கழின்னு வச்சுக்கப்பா. குறுக்கப் பேசாத. இப்ப ரெண்டு பேரு பந்தோட வராங்க. ரெண்டும் நெட்டை. இது நகரல. மடையில நிக்கிற மாதிரி நிக்குது. காலக் குடுத்துட்டுது. அய்யோ, விழுந்துட்டுது. பந்து வெளிய போயிட்டுது."



"கை தட்டுனாங்களா பெரியம்மா?" என்றான் ஜெரோம் மெதுவாக.

"ஒருத்தரும் தட்டல. எந்திரிச்சு, பின்னாடி ஒட்டுன சேத்தத் தட்டிவிட்டுட்டு, மறுபடியும் அதே எடத்துல நிக்குது."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் எழுந்து நின்ற விதம்தான் காரணமாக இருக்கவேண்டும். "ஜெரோமு, கேட்டுக்க. அந்தக் கப்ப கோல் போட்டவனுக்குக் குடுக்காத. அவனத்தான் தூக்கிக்கிட்டு ஓடப்போறீங்களே. கோல் விடாம நின்னவனுக்குக் குடு. உங்க பெரியப்பா ஆட்டம் முடிஞ்சா நடந்துதான் வீட்டுக்கு வருவாங்க. எனக்குத் தெரியும். நான்தான் கதவு திறந்துவிடுவேன்" என்றேன்.

சலசலப்பு. பிறகு மைக்கை யாரோ பிடுங்குகிற கரகரப்பு. சின்னப்பண்ணன் குரல்.

"தங்கச்சி சொன்னதுதான் நியாயம். அருளப்பன் பேக்கு. கப்பு பேக்குக்கு. இன்னொன்னும் இன்னைக்குச் சொல்லிடறேன். அன்னைக்குக் குத்தாலத்துல அவன் போட்டது சேம்சைடு. அவன் எனக்குத்தான் தட்டுனான். நான் அந்தண்ட சோடா குடிச்சுக்கிட்டு நின்னேன். தப்பு எம்மேல."

நான் கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சின்னப்பண்ணனுக்கு என்ன ஒரு பெரிய மனசுய்யா!"

கை தட்டல் வானத்தைப் பிளந்தது.

"யோவ், நெசமாத்தான்யா! சோடாய்யா! பன்னீர் சோடா!" என்று கத்துகிறார். கத்தக் கத்தக் கை தட்டல் கூடுகிறது. அப்பாவிபோல ஜெரோம் மைக்கை வாங்கி, "பெரியம்மா, நீங்களே சொல்லுங்க. அந்தக் கோலு எப்படி இருந்துச்சு?" என்றான்.

அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாதா மேல் ஆணை.

அந்த நேரம் பார்த்து நிர்மலாவின் காலில் பந்து. எதிர்ப்பக்கத்து நெட்டைகள் இரண்டும் துரத்திக்கொண்டு வர, அவள் பந்தை வேறு பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள். பந்து உருண்டு உருண்டு போய்க் கம்பங்களுக்கு நடுவில் வலையில் சாய்ந்தது. அந்த நெட்டைகள் ஓடிவந்து இவள் முதுகில் தட்டுகிறார்கள், கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், ஒருத்தி தூக்கியே விட்டாள். எனக்கு எந்தப் பக்கம் எது என்று தெரியுமா? கம்பளியெல்லாம் கீழே விழ எழுந்து நின்று போனிலேயே கத்தினேன்.

"கோலு! கோலு போட்டாச்சு! எதிர்ப்பக்கத்துக்காரங்களே வந்து கை தட்டுறாங்க! தூக்குறாங்க!"

மாதா கோயில் பொட்டலில் வெடி வைத்தார்கள். அதோடு போன் அறுந்துவிட்டது.

6

ஆட்டம் முடிந்து நிர்மலா வந்தாள். கால்சட்டையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. இரண்டு விலாவிலும் கை கையாகச் சேறு. அந்த விலாவைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

"அத்தை, நீங்க யாருக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?"

"உனக்குத்தான்டி. கோல் போட்டியே."

"அது நம்ம கோலு அத்தை. கோலிக்குத்தான் தட்டுனேன். அவ குனிஞ்சு முடியக் கட்டிக்கிட்டு இருந்திருக்கா. சேம்சைடு." உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க. மாமா குத்தாலத்துக்குக் குடுத்ததை இன்னைக்குத் திருப்பிக் குடுத்துட்டேன். கணக்கு சரியாப் போச்சு" என்றாள்.

"வாங்குனது குத்தாலம், திருப்பிக் குடுத்தது வெள்ளைக்காரிக்கா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தோம். கதவைச் சேவியர் திறந்துவிட்டான். அவள் விலாவில் இருந்த சேற்றைப் பார்த்து, "என்ன, தூக்குனாங்களா?" என்று கேட்டான். அவன் அப்பாவைப் பற்றி அன்று மதியம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

ஜெரோம் படம் அனுப்பியிருந்தான். கோல் விடாமல் நின்ற பையன் ஒருவனைக் கோப்பையோடு தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறார்கள். கோப்பையில் 'மடை அருளப்பன் நினைவு, சிறந்த பேக்கு' என்று காகிதத்தில் அவசரமாக எழுதி ஒட்டியிருக்கிறது. பையன் வெட்கத்தில் நெளிகிறான். கீழே ஜெரோம் எழுதியிருந்தது: 'கோலை நேர்ல பாத்த மாதிரியே சொன்னீங்க பெரியம்மா. பெரியம்மாவே சாட்சின்னு ஊரே பேசுது.'

வாயால் சொல்லி ஆகாது என்றுதான் உட்கார்ந்து எழுதினேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அது சேம்சைடு கோல்தான். நான் பார்த்ததில்லை. சின்னப்பண்ணன் சோடா குடித்தது உண்மை. வலை கிடையாது.

"லூர்துக்கு என்ன ஒரு தன்னடக்கம்!" என்று நீங்கள் சொல்வது இங்கே எனக்குக் கேட்கிறது. சொல்லிக்கொள்ளுங்கள். கப்பு பேக்குகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அது போதும்.